இரிடியத்தோடு பத்து நிமிடம்

இருபத்திரண்டு வருடமாக நான் இரிடியத்தைக் கண்டால் ஓடுகிறவள். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். மராத்தி பேசும் ஊரில், போசரித் தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்பட ஆலையில் இரும்பு வால்வுகளையும் பம்புகளையும் படமெடுத்து, உள்ளே கீறல் இருக்கிறதா, காற்றுக் குமிழி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுப்பது போலத்தான். கனத்த இரும்புக்குள் புகுந்து வர வேண்டும் என்பதால் நாங்கள் இரிடியம் என்ற கதிர்வீசும் உலோகத்தை வைத்து எடுப்போம். அளவு ஓர் அரிசிதான், கனத்த கவசப் பெட்டிக்குள் கிடக்கும். தூரத்தில் நின்று கைப்பிடியைச் சுற்றினால் ஒரு கம்பியின் நுனியில் குழாய் வழியாக வெளியே வரும். படம் பிடித்து முடிந்ததும் திருப்பிச் சுற்றி உள்ளே இழுத்துவிடுவோம். அது வெளியே இருக்கிற நேரத்தில் யாரும் கிட்டே போகக் கூடாது.

அந்த இரிடியத்தை என் உடம்புக்குள்ளேயே அனுப்பித்தான் எனக்கு வைத்தியம் பார்த்தார்கள். நான் பிழைத்துவிட்டேன். எப்படி என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மாதவிடாய் நின்று மூன்று வருடம் கழித்து, ஒருநாள் மறுபடி கறை பட்டது. சூடு என்று நினைத்தேன். வெந்தயம் ஊறப்போட்டுக் குடித்தேன். இளநீர் குடித்தேன். கொஞ்ச நாள் நிற்கும், பிறகு மறுபடி வரும். எட்டு மாதம் இப்படி ஓட்டினேன். இரும்புக்குள் தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்குகிற பொம்பளை, சொந்த உடம்பில் வந்ததை வெந்தயத்தில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கோபம் எனக்கு என் மேல் இன்னும் தீரவில்லை.

கண்டுபிடித்தது என் மகள் ஜெனி. ஊரின் இன்னொரு கோடியில், கராடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அங்கேயே தோழிகளோடு தங்கியிருக்கிறாள், ஞாயிறு மட்டும் கேம்ப் என்ற பகுதியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வருவாள். அவளுக்குத் தமிழ் பாதி வழியில் நின்றுவிடும், மீதியை இந்தி தள்ளிக்கொண்டு போகும். ஒரு ஞாயிறு நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். பாத்ரூமுக்குள் போய், ஊறப்போட்டிருந்த கறைத் துணியைப் பார்த்துவிட்டு வந்து அறைக் கதவைச் சாத்தினாள்.

"மம்மி, எத்தனை மாசமா? சச் போலோ, உண்மையைச் சொல்லு."

நான் சொன்னேன். அவள் கத்தவில்லை, போனை எடுத்து டாக்டரிடம் நேரம் வாங்கினாள்.

மறுநாள் பெண் மருத்துவர் உள்ளே பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவர் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. ஃபிலிமில் கோளாறைப் பார்த்ததும் என் முகமும் அப்படித்தான் மாறும் என்று உடன் வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். சின்னத் துண்டு சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதற்குப் பெயர் பயாப்சி. முடிவு வர ஆறு நாள். அந்த ஆறு நாளும் நான் வேலைக்குப் போனேன், வீட்டில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று வந்தது. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே கதிர் வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஜோஷி, என் வயதுள்ள அம்மாள், ஒரு காகிதத்தில் படம் வரைந்து காட்டினார். கர்ப்பப்பையின் வாயில் தொடங்கியிருக்கிறது. பக்கத்துச் சதைக்குள்ளும் கொஞ்சம் போயிருக்கிறது. இடுப்பு எலும்புச் சுவரைத் தொடவில்லை. இதை இரண்டாம் கட்டம் என்பார்களாம்.

"ஆபரேஷன் பண்ற கட்டம் தாண்டிடுச்சு," என்றார் இந்தியில். "ஆனா குணப்படுத்துற கட்டம் தாண்டல."

என் கணவர் தேவராஜ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். எங்கள் சர்ச்சின் சபைக் கமிட்டியில் இருப்பவர், நாலு பேர் நடுவில் பேசத் தெரிந்தவர். அன்றைக்கு அவருடைய சட்டைப் பொத்தானை அவரே திருகிக்கொண்டிருந்தார்.

டாக்டர் திட்டத்தைச் சொன்னார். வெளியிலிருந்து இயந்திரத்தால் கதிர் கொடுப்பது இருபத்தைந்து நாள், வாரத்தில் ஐந்து நாள் வீதம். வாரம் ஒருமுறை கீமோ, அதாவது நோய்க்கு எதிரான மருந்தை நரம்பில் ஏற்றுவது. அது முடிந்ததும் உள் கதிர். கர்ப்பப்பை வாய்க்குள் வெற்றுக் குழாய்களை வைத்து, அதன் வழியாகக் கதிர்வீசும் பொருளை அனுப்பி, நோய் இருக்கிற இடத்திலேயே சில நிமிடம் நிறுத்தி, திரும்ப எடுப்பது. அது மூன்று தடவை.

"எந்தப் பொருள் மேடம்?" என்று கேட்டேன்.

"இரிடியம்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். "நக்கோ, வேண்டாம் மேடம். வெளியே இருந்து எவ்வளவு வேணா குடுங்க. இரிடியம் உள்ளே வேண்டாம்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என் வேலையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, வற்புறுத்தவும் இல்லை. "முதல்ல வெளிக் கதிரை ஆரம்பிப்போம். அஞ்சு வாரம் இருக்கு யோசிக்க," என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் என் கணவர் வாயைத் திறந்தார். "சபையில கேட்டா வயித்துல ஒரு சின்னக் கட்டின்னு சொல்லிருவோம், என்ன? மத்ததெல்லாம் எதுக்கு?"

சரி என்று தலையாட்டினேன். அன்றைக்கு எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

இடுப்பில் மூன்று சின்னப் புள்ளி பச்சை குத்தினார்கள். கதிர் தினமும் அதே இடத்தில் விழுவதற்காம். காத்திருக்கும் அறையைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். இடுப்புப் பக்கம் கதிர் வாங்குகிறவர்கள் எல்லோரும் தண்ணீர் குடித்து, மூத்திரப்பையை நிரப்பிக்கொண்டு போய்ப் படுக்க வேண்டும். அது நிறைந்திருந்தால் குடல் மேலே தள்ளிப்போய்க் கதிரிலிருந்து தப்பிக்கும். என் கணவர் ஒரு எவர்சில்வர் பாட்டிலில் என் அளவுக்குக் கோடு போட்டுவைத்து, கடிகாரத்தைப் பார்த்துக் குடிக்கச் சொல்லுவார். இயந்திரம் கொஞ்சம் தாமதமானால் தீர்ந்தது கதை. ஒன்பது கஜச் சேலைக்காரர்கள், பர்தா போட்டவர்கள், நான், எல்லோரும் ஒரே வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். யாராவது சிரிப்பு மூட்டினால் எல்லோருக்கும் ஆபத்து. அந்த வரிசையில்தான், வீட்டில் சொல்ல முடியாததை எல்லாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

முதல் நாளில் நான் செய்த ஒரு கூத்தை இப்போது ஒப்புக்கொள்கிறேன். கதிரோடு வேலை செய்கிற எல்லோருக்கும் ஒரு பேட்ஜ் உண்டு. உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அது பதிந்துகொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளக்க அனுப்புவார்கள். இருபத்திரண்டு வருடத்தில் என் பேட்ஜில் ஒன்றும் ஏறியதில்லை, அதில் எனக்குப் பெருமை. மருத்துவத்துக்குப் போகும்போது அதைப் போடக் கூடாது என்பது பாலபாடம். அது தெரிந்தும், ஆஸ்பத்திரி கவுனுக்குள் உள்ளாடைப் பட்டையில் அதை மாட்டிக்கொண்டு போய்ப் படுத்தேன். பேட்ஜ் இல்லாமல் கதிருக்கு முன்னால் போக உடம்பு ஒப்பவில்லை. அந்த வாரமே மூன்று மாதக் கணக்கு முடிந்து, ஆலையிலிருந்து ஆள் வந்து பேட்ஜை வாங்கிப் போனார். நான் மறந்துவிட்டேன்.

ஐந்தாவது வாரம், அதே காத்திருக்கும் அறையில் ஷிண்டே சார் வந்து நின்றார். எங்கள் ஆலையின் கதிர்ப் பாதுகாப்பு அதிகாரி அவர். கையில் ஒரு படிவம், முகத்தில் எள்ளும் கொள்ளும்.

"மேடம், உங்க பேட்ஜ்ல ஏறியிருக்கிற நம்பரைப் பாத்து டிபார்ட்மென்ட்டையே மூணு நாள் மூடி வெச்சோம். பொட்டி கசியுதான்னு இஞ்ச் இஞ்ச்சா மீட்டர் வெச்சுத் தேடினோம். கூட வேலை பாக்குற அத்தனை பேருக்கும் ரத்தப் பரிசோதனை. என்ன நடந்துச்சு?"

நடந்ததைச் சொன்னேன்.

"ஏன் மேடம்? ஏன் அப்படிப் பண்ணீங்க?"

"அளக்காம கதிருக்கு முன்னாடி நிக்கக் கூடாதுன்னு நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க?"

அவர் சுற்றிலும் பாட்டிலும் கையுமாக இருந்த பெண்களைப் பார்த்தார். முடி கொட்டி மெலிந்துபோயிருந்த என் தலையைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"பேட்ஜ்ல நம்பர் ஏறினா எனக்குப் பிரச்சினை," என்றார் மெதுவாக. "இங்கே ஏறலன்னா உங்களுக்குப் பிரச்சினை. எழுதிக் குடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

நான் எழுதிக் கொடுத்தேன். பக்கத்தில் இருந்த அம்மாளுக்கு விஷயம் புரிந்ததும் சிரித்தார், அவரைப் பார்த்து இன்னொருவர் சிரித்தார், அன்றைக்கு இரண்டு பேர் பாத்ரூமுக்கு ஓடி, மறுபடி முதலிலிருந்து தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று.

டாக்டர் ஜோஷியிடம் இதைச் சொன்னபோது அவரும் சிரித்தார். பிறகு, "உங்களுக்கு அவ்வளவு பயம் யார் வெச்சது?" என்று கேட்டார்.

பயிற்சியின் முதல் வகுப்பைச் சொன்னேன். எக்ஸ்ரே கண்டுபிடித்த புதிதில் அதோடு வேலை செய்தவர்களுக்கு விரல் விரலாகப் போனது. ரேடியத்தைப் பிரித்தெடுத்த அந்த அம்மாளே கதிரால் ரத்தம் கெட்டுச் செத்துப்போனார். இதையெல்லாம் கேட்டுத்தான் எங்கள் படிப்பு ஆரம்பிக்கும்.

"மிச்சப் பாதியை யாரும் சொல்லலையா?" என்றார் அவர். அன்றைக்கு அவருக்குக் கொஞ்சம் நேரம் இருந்தது. சொன்னார்.

ஆயிரக்கணக்கான வருடமாக மனிதர்கள் இந்த நோயைப் பார்த்திருக்கிறார்கள். கட்டியைச் சுற்றி நரம்புகள் கால் பரப்பி நிற்பதைப் பார்த்து நண்டு என்று பெயர் வைத்தார்கள், கான்சர் என்றால் நண்டுதானாம். அறுத்தார்கள், சூடு வைத்தார்கள், களிம்பு பூசினார்கள். உடம்பில் கெட்ட நீர் சேர்ந்துவிட்டது என்றார்கள். மைக்ராஸ்கோப் வந்த பிறகுதான், இது வெளியிலிருந்து வந்த விஷமில்லை, நம்முடைய செல்லே அடக்கமில்லாமல் பெருகுவது என்று தெரிந்தது. மயக்க மருந்து வந்த பிறகு நிதானமாக அறுவைச் சிகிச்சை செய்ய முடிந்தது. அப்புறம் எக்ஸ்ரே வந்தது. அது தோலைச் சுடுகிறது என்று எல்லோரும் பயந்தபோது சில டாக்டர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். நல்ல தோலைச் சுடுகிற இது, கெட்ட கட்டியையும் சுடாதா?

"ரேடியம் கிடைச்சதும் அதைச் சின்னக் குழாய்ல அடைச்சு, கட்டிக்குப் பக்கத்துலயே வெச்சாங்க. ரொம்ப சீக்கிரமாவே கர்ப்பப்பை வாய்க்கு வந்துட்டாங்க. ஏன்னா அங்கே கத்தி இல்லாமலே கை போகும். அதுக்கு முன்னாடி சாகறதைத் தவிர வழியில்லாத பெண்கள் எழுந்து வீட்டுக்குப் போனாங்க ஸ்டெல்லா."

ஆனால் அந்தக் குழாய்களை டாக்டரும் நர்ஸும் கையால்தான் எடுத்து வைத்தார்கள். அவர்கள் விரல்களும் வெந்தன. அதற்காகத்தான் முதலில் வெற்றுக் குழாயை வைத்துவிட்டு, பிறகு கதிரை அனுப்பும் முறை வந்தது. கடைசியில் ரேடியமும் போய் இரிடியம் வந்தது. கம்பி நுனியில் கட்டி, அடுத்த அறையிலிருந்து இயந்திரத்தால் தள்ளுவது. "உங்க ஃபாக்டரி பொட்டியும் எங்க மிஷினும் ஒரே குடும்பம்தான்," என்றார்.

இன்னொன்றும் சொன்னார். கர்ப்பப்பை வாயில் லேசாகத் தேய்த்து, அந்தச் செல்களைக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தால், நோய் வருவதற்கு முன்னமே தெரியும் என்று ஒரு டாக்டர் கண்டுபிடித்துச் சொன்னபோது கூட இருந்தவர்களே பல வருடம் நம்பவில்லையாம். இன்றைக்கு அந்த ஸ்மியர் டெஸ்ட்டுக்குச் சில நிமிடம் போதும். இந்த நோயைக் கொண்டுவரும் வைரஸுக்குத் தடுப்பூசியும் வந்துவிட்டது. இத்தனையும் இருந்தும் நான் வெந்தயம் குடித்துக்கொண்டிருந்தேன்.

கேட்டது எல்லாம் மனதில் இறங்கியது. ஆனாலும் கையெழுத்துப் போட கை வரவில்லை. "என் ஃபிலிமை எனக்குக் காட்டுங்க மேடம்," என்றேன்.

எம்.ஆர்.ஐ. படங்கள் இரண்டையும் விளக்குப் பெட்டியில் மாட்டினார். இது எனக்குப் பழகிய இடம். அது இரும்பு, இது சதை, அவ்வளவுதான் வித்தியாசம். எது எது என்று அவர் விரல் வைத்துக் காட்ட, மீதியை என் கண்ணே தேடிக்கொண்டது. வைத்தியத்துக்கு முன்னால் எடுத்ததில் எலுமிச்சை அளவு சாம்பல் நிறக் கட்டி. ஐந்து வாரம் கழித்து எடுத்ததில் அது சுருங்கி, வேர்க்கடலை அளவுக்கு வந்திருந்தது. ஆனால் இருந்தது. ஓரம் தெளிவில்லாமல், இடது பக்கம் கொஞ்சம் நீண்டு.

"இதுக்கு மேல வெளியே இருந்து குடுத்தா குடல் தாங்காது, மூத்திரப்பை தாங்காது," என்றார் டாக்டர். "மீதியை உள்ளே இருந்துதான் முடிக்கணும்."

ரொம்ப நேரம் பார்த்தேன். இப்படி ஒரு கறையோடு ஒரு வால்வு என் மேஜைக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். யார் கெஞ்சினாலும் விட்டிருக்க மாட்டேன்.

"இதை நான் பாஸ் பண்ண மாட்டேன் மேடம்."

"நானும்தான்," என்றார் அவர்.

அந்த மேஜையிலேயே கையெழுத்துப் போட்டேன்.

முதல் உள் கதிர் அன்று காலை முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். குழாய்களை வைத்து, அசையாமல் இருக்கத் துணியால் அடைத்தார்கள். பிறகு ஸ்கேன். அதை வைத்து இரிடியம் எந்த இடத்தில் எத்தனை நொடி நிற்க வேண்டும் என்று கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கு முடிய மூன்று மணி நேரம், அதுவரை மல்லாந்தபடி அசையாமல் கிடக்க வேண்டும். என் கணவர் ஸ்டூல் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். மூக்கு அரித்தால் சொறிந்துவிட்டார். உதடு காய்ந்தால் நனைத்த பஞ்சால் ஒற்றினார். "மூட்டை மூட்டையா புண்ணியம் செஞ்சிருக்கேன் நான், கமிட்டி மெம்பர் மூக்கு சொறிஞ்சு விடுதாரு," என்று சீண்டினேன். "பேசாம கெட ஸ்டெல்லா, ஆடிரும்," என்று அதட்டினார். கண் மட்டும் கலங்கியிருந்தது.

பிறகு கனமான கதவுள்ள அறைக்குத் தள்ளிப் போனார்கள். ஓரத்தில் அந்த இயந்திரம். எங்கள் பெட்டியின் படித்த தங்கச்சி மாதிரி இருந்தது. அதிலிருந்து மூன்று குழாய்களை எனக்குள் இருந்த குழாய்களோடு பூட்டினார்கள். "பத்து நிமிஷம் மேடம், கேமராவில பாத்துட்டே இருப்போம்," என்று சொல்லிவிட்டு எல்லோரும் வெளியேறினார்கள். கதவு மூடியது. எச்சரிக்கை விளக்கு எரிந்தது.

அந்த விளக்கு எரிந்தால் என் கால் தானாக ஓடும். மரத்துப்போன கால், ஓட முடியாது. மோட்டார் உறுமியது. கம்பி நகரும் சத்தம் எனக்குத் தெரியும், எத்தனை ஆயிரம் தடவை கேட்டது! அது என்னைவிட்டு விலகிப் போகிற சத்தமாகவே இதுவரை இருந்திருக்கிறது. இன்றைக்கு என்னை நோக்கி வந்தது. ஜெபம் பண்ண வேண்டும் என்று நினைத்தேன், ஒரு வரி வரவில்லை. எனக்கு வந்தது வேறு.

"வா ராசா," என்றேன் அதனிடம், சத்தமாகவே. "இருபத்திரண்டு வருஷமா உன்னைப் பாத்து ஓடினேன். இப்ப ஓடல. வந்த வேலையப் பாத்துட்டுப் போ."

வெளியே மைக்கில் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. நல்லவேளை.

பத்து நிமிடத்தில் விளக்கு அணைந்தது. கதவைத் திறந்துகொண்டு ஓர் இளைஞர் கையில் கதிர் அளக்கும் மீட்டரோடு வந்தார். இரிடியம் முழுசாக உள்ளே திரும்பிவிட்டதா என்று பார்க்கத்தான். "பேட்டரி செக் பண்ணீங்களா?" என்று படுத்தபடியே அதட்டினேன். மனிதர் வெலவெலத்துப் போய், பொத்தானை அழுத்தி என் கண்ணுக்கு முன்னால் காட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தார். அடுத்த இரண்டு தடவையும் உள்ளே நுழையும்போதே, "செக் பண்ணிட்டேன் ஆன்ட்டி," என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

வைத்தியம் முடிந்து மூன்று மாதம் கழித்து மறுபடி சோதனை. வயிற்றுப்போக்கும் அசதியும் ஒருவாறு விட்டுப் போயிருந்தன. டாக்டர் ஜோஷி கையால் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி கையால் பார்த்தார். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "இல்லை ஸ்டெல்லா. ஒண்ணும் இல்லை," என்றார். வருடக்கணக்கில் வந்து காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார். நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஜெனி போனில் அழுது அழுது மூன்று மொழியில் பேசினாள்.

எங்கள் தமிழ்ச் சபையில், சுகமானவர்கள் ஞாயிறு ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்வது வழக்கம். முந்தின நாள் இரவுச் சாப்பாட்டின்போது, "நாளைக்கு உள்ளதைச் சொல்லப் போகுதேன்," என்றேன். என் கணவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

மைக்கைப் பிடித்தேன். "எனக்கு வந்தது வயித்துக் கட்டி இல்ல. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். நின்னு மூணு வருஷம் கழிச்சு மறுபடி ரத்தம் பட்டுச்சு. எட்டு மாசம் யார்ட்டயும் சொல்லல. அது என் தப்பு. உங்கள்ள யாருக்காவது அப்படி இருந்தா நாளைக்கே போங்க. இல்லாட்டியும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணிக்கிடுங்க. கர்த்தர் எனக்குச் சுகம் குடுத்தாரு, ஒரு டாக்டரம்மா கையால, ஒரு அரிசியளவு இரிடியத்தால."

பெண்கள் பக்கம் தலைகள் குனிந்திருந்தன. தப்புச் செய்துவிட்டேனோ என்று ஒரு கணம் நினைத்தேன்.

அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து என் கணவர் எழுந்து முன்னால் நடந்து வந்தார். என் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"அவ சொல்லலன்னு சொல்லுதா. நான் பாத்தேன். படுக்கை விரிப்புல ரெண்டு தடவை பாத்தேன். பொம்பளை சமாச்சாரம்னு கேக்காம இருந்துட்டேன். அவ பிழைச்சது கர்த்தர் கிருபை. பிழைக்காம போயிருந்தா அது என் பாவம்." இருமிவிட்டுத் தொடர்ந்தார். "ஆம்பளைங்களுக்குச் சொல்லுதேன். கேளுங்க. வீட்டுல போய்க் கேளுங்க."

அவர் பார்த்திருந்தார் என்பது எனக்கு அந்த நிமிடம்தான் தெரியும். கோபம் வந்ததா என்று கேட்டால், வந்தது. ஆனால் அத்தனை பேர் முன்னால் தன் தப்பைச் சொல்லி நின்ற அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

ஆராதனை முடிந்ததும் பெண்கள் என்னிடம் வந்தார்கள். ஆண்கள் அவரிடம் போனார்கள். எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை, சாப்பிட்டுவிட்டுப் போகலாமா, கூடத் துணைக்குப் புருஷனை உள்ளே விடுவார்களா என்று கேட்டார்கள்.